கார் சஸ்பென்ஷனை டியூன் செய்ய ஓர் எக்ஸெல் ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்வது என்ன? படம் பார்ப்பது, பாட்டுக் கேட்பது, மெயில் அனுப்புவது. எக்ஸெல் என்ற ஒன்று அதில் இருப்பதே பலருக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் தெரிய வரும். தெரிந்தாலும், "அது ஆபீஸ் கணக்கு எழுதுகிறவர்களுக்கு" என்று ஒதுக்கி விடுகிறோம். கார் பிரியர்களுக்கும் அது எவ்வளவு உதவும் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். சொந்த ஊர் காரைக்கால். வார நாட்களில் சாதாரணமாக ஓட்டும் காரையே விடுமுறையில் ரேஸ் டிராக்கிலும் ஓட்டிப் பார்க்கும் ஆசை எனக்கும் என் நண்பர்களுக்கும் உண்டு. காரைக்காலில் டிராக் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள டிராக்கிற்குப் போக வேண்டும். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் ரேஸ் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் திறந்த டிராக் இது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நமக்கு இரண்டுமே தூரம்தான்.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. டிராக்கின் தார் வழவழப்பானது. அங்கே போகும் வழியோ தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று நீளும் சுமார் 300 கிலோமீட்டர். டெல்டாவின் களிமண் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும். அதன் மேல் போட்ட சாலை நாளடைவில் அலை அலையாகிவிடும். ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர் வேறு. இரண்டுக்கும் ஒரே சஸ்பென்ஷனா? இதற்காகத்தான் அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன் விற்கிறார்கள்.

எத்தனை வகை?

சஸ்பென்ஷனில் முக்கியமானவை இரண்டு. ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் (டேம்பர் என்றும் சொல்வார்கள்) அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குகிறது. கடையில் கிடைப்பவற்றை இப்படிப் பிரிக்கலாம்.

1. ஸ்பிரிங் மட்டும் மாற்றுவது: விலை குறைவு. பழைய ஷாக் அப்சார்பர் அப்படியே இருக்கும். அட்ஜஸ்ட் செய்ய எதுவும் இல்லை.

2. உயரம் மட்டும் மாற்றக்கூடிய காயில்ஓவர்: உடலில் மறை இருக்கும். அதில் உள்ள வளையத்தைத் திருகினால் கார் ஏறும், இறங்கும்.

3. உயரத்தோடு டேம்பிங்கும் மாற்றக்கூடியது: தலையில் ஒரு குமிழ் இருக்கும். ரேடியோ வால்யூம் போல 'டிக் டிக்' என்று திரும்பும். ஒவ்வொரு 'டிக்'கும் ஒரு கிளிக்.

4. இரண்டு குமிழ் உள்ளது: ஸ்பிரிங் அமுங்கும்போது வரும் எதிர்ப்பு கம்ப்ரெஷன். திரும்ப விரியும்போது வருவது ரீபவுண்ட். இதில் இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம்.

ஜெர்மனியின் பில்ஸ்டைன், கேடபிள்யூ, ஸ்வீடனின் ஓலின்ஸ், ஜப்பானின் டெய்ன், தைவானின் பிசி ரேசிங் ஆகியவை இத்துறையில் தெரிந்த பெயர்கள். எதை வாங்கினாலும் பணம் அதிகம். எனவே ஆர்டர் கொடுப்பதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஷீட்டைத் தயார் செய்வோம்

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இரண்டிலும் முறை ஒன்றுதான். புதிய ஷீட்டைத் திறந்து, முதல் நெட்டு வரிசையில் பெயர்களையும் இரண்டாவதில் எண்களையும் டைப் செய்யுங்கள். செல் முகவரியை இங்கே பி1, பி2 என்று தமிழில் தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.

பி1: ஒரு முன்சக்கரத்தின் ஸ்பிரிங் தாங்கும் எடை, கிலோவில். இதை எப்படி அறிவது? நெல் லாரி நிறுத்தும் எடைமேடைக்குப் போங்கள். முன்சக்கரங்கள் இரண்டை மட்டும் மேடையில் ஏற்றி எடை பாருங்கள். 680 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாதி 340. இதில் சக்கரம், பிரேக் போன்றவை ஸ்பிரிங்கிற்குக் கீழே இருப்பவை. அதற்குத் தோராயமாக 40 கழியுங்கள். மீதி 300.

பி2: ஸ்பிரிங் ரேட். ஸ்பிரிங் ஒரு மி.மீ. அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பது. பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். 4 என்று கொடுங்கள்.

பி3: மோஷன் ரேஷியோ. சக்கரம் ஒரு மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்பது. முன்பக்க ஸ்ட்ரட்டிற்கு 0.95 என்று கொடுக்கலாம். பின்பக்கத்தில் ஸ்பிரிங் சக்கரத்தை விட்டு உள்ளே தள்ளி இருந்தால் 0.7 கூட வரும். அப்போது 4 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 2 கிலோ ஸ்பிரிங் போலத்தான் வேலை செய்யும், ஏனென்றால் இந்த எண்ணை இருமுறை பெருக்க வேண்டும். பின் ஸ்பிரிங்கை அளக்காமல் வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

பி4: =பி2*9.81*பி3^2*1000
இது சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு.

பி5: =(பி4/பி1)^0.5/6.28
இது கார் ஒரு நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பதைச் சொல்லும். அலகு ஹெர்ட்ஸ்.

என்டர் தட்டியதும் பி5-ல் 1.73 என்று வர வேண்டும். வராவிட்டால் சமக் குறியை விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள்.

எண் என்ன சொல்கிறது?

பி2-ல் உள்ள எண்ணை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

2.2 கொடுத்தால்: 1.28
4 கொடுத்தால்: 1.73
6 கொடுத்தால்: 2.12
8 கொடுத்தால்: 2.45

குடும்பக் கார்கள் பொதுவாக 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். சாலைக்கும் டிராக்கிற்கும் சேர்த்து வைத்திருக்கும் காருக்கு 1.5 முதல் 2 வரை போதும். 2-க்கு மேல் போனால் அது டிராக்கிற்கே உரியது. விறைப்பான ஸ்பிரிங் போட்டால் பிடிமானம் கூடும் என்பது பலரின் எண்ணம். நல்ல தளத்தில் அது ஓரளவு சரி. அலை அலையான சாலையிலோ சக்கரம் பள்ளத்தைப் பின்தொடராமல் குதிக்கும். குதிக்கும் சக்கரத்திற்கு பிரேக் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. எதிரே பஸ் வரும் சாலையில் இது உயிர் பிரச்சினை.

இன்னொன்று. ஸ்பிரிங்கை மட்டும் 2.2-லிருந்து 6-க்கு மாற்றிவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொண்டால், புது ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை அதன் அடக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைந்துவிடுகிறது. கார் பந்து போல ஆடும். மேலே சொன்ன முதல் வகையை நான் சிபாரிசு செய்யாததற்கு இதுவே காரணம்.

ஸ்பீடு பிரேக்கர் கணக்கு

காரை எவ்வளவு இறக்கலாம்? போட்டோவில் எடுப்பாகத் தெரிவதற்காக 40 மி.மீ. இறக்குகிறவர்கள் உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அந்த அகலத்தில் முன் பின் சக்கரங்கள் நான்கும் மேட்டின் மேலேயே நிற்கும். வயிற்றுப் பகுதிக்கு அதிகம் பாதிப்பில்லை. ஆனால் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் ஒரு மீட்டர் அகலம் கூட இல்லாதவை. அப்போது முழு 10 செ.மீ.யும் காரின் அடியில் வரும்.

ஷீட்டில் இன்னும் ஐந்து வரிகளைச் சேருங்கள்.

பி6: தரைக்கும் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி (டேப்பால் அளந்து) 165
பி7: இறக்கப் போகும் அளவு 40
பி8: மேட்டின் உயரம் 100
பி9: ஆட்கள் ஏறினால் ஒரு சக்கரத்திற்குக் கூடும் எடை 60
பி10: =பி6-பி7-பி8-பி9*9.81/பி4*1000

விடை 8.4 மி.மீ. அதாவது குடும்பத்தோடு திருநள்ளாறு போகும்போது, வழியில் ஒரு மேட்டில் ஆயில் சம்பிற்கும் சிமென்டிற்கும் இடையே ஒரு பென்சில் தடிமன்தான் மிச்சம். கார் சற்று அமுங்கினாலும் இடித்துவிடும்.

இப்போது பி7-ல் 20 கொடுங்கள். 28.4 என்று வரும். கம்பெனி ஸ்பிரிங்கிற்கு (பி2-ல் 2.2, பி7-ல் 0) விடை 34.8. வித்தியாசம் 6 மி.மீ. சொச்சம்தான். காரணம், விறைப்பான ஸ்பிரிங் அதே எடைக்குக் குறைவாகவே அமுங்குகிறது. ஆகவே 4 கிலோ ஸ்பிரிங், 20 மி.மீ. இறக்கம் என்பது எங்கள் ஊர்ச் சாலைக்குத் தாங்கும் கணக்கு. உங்கள் ஊர் மேட்டை அளந்து பி8-ஐ மாற்றிக்கொள்ளுங்கள்.

உயரத்தை ஒருமுறை வைத்துவிட்டால் டிராக்கிற்காக மீண்டும் மாற்றாதீர்கள். உயரம் மாறினால் வீல் அலைன்மென்டும் மாறும். சாலைக்கு ஒன்று, டிராக்கிற்கு ஒன்று என்று மாற்ற வேண்டியது கிளிக் மட்டுமே.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

சாஃப்ட்வேரில் பிழை தேடும்போது எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு வரியை மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்த வரி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. சஸ்பென்ஷனுக்கும் அதே விதிதான்.

குமிழை வலப்பக்கமாக மெதுவாகக் கடைசி வரை திருகுங்கள். அழுத்தித் திருகினால் உள்ளே இருக்கும் ஊசி கெட்டுவிடும். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து திறக்கும் கிளிக்குகளை எண்ணுங்கள். இடது வலது சமமாக இருக்கட்டும். தயாரிப்பாளர் சொல்லும் நடு அளவில் ஆரம்பியுங்கள்.

புதிய ஷீட்டில் இந்தத் தலைப்புகளைப் போடுங்கள்: தேதி, சாலையா டிராக்கா, டயர் காற்று, முன் கிளிக், பின் கிளிக், மூன்று சுற்று நேரங்கள், சராசரி, குறிப்பு. டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்து எழுத வேண்டும். ஒரே ஒரு வேகமான சுற்றைப் பார்த்து மகிழ வேண்டாம். மூன்று சுற்றுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால்தான் அந்த அளவை நம்பலாம்.

கார் சொல்வதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்.

* மேட்டைத் தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டே இருந்தால்: ரீபவுண்டை இரண்டு கிளிக் கூட்டுங்கள்.
* அடுத்தடுத்த மேடுகளில் கார் தாழ்ந்துகொண்டே போய் இறுகினால்: ரீபவுண்ட் அதிகம். குறையுங்கள்.
* சிறு கல் கூட உதைப்பது போல் இருந்தால்: கம்ப்ரெஷனைக் குறையுங்கள்.
* வளைவில் நுழையும்போது முன்பக்கம் வெளியே தள்ளினால்: முன்பக்கத்தை இளக்குங்கள் அல்லது பின்பக்கத்தை இறுக்குங்கள். இரண்டில் ஒன்று மட்டும்.
* பின்பக்கம் சறுக்கினால்: அதற்கு நேர்மாறு.
* மழை பெய்தால்: முன்னும் பின்னும் இளக்குங்கள்.

திருப்தியான அளவு கிடைத்ததும் ஷீட்டின் அடியில் உள்ள டேப் மீது இரண்டு முறை கிளிக் செய்து 'சாலை' என்று பெயரிடுங்கள். கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி அந்த டேபை மவுஸால் பக்கத்தில் இழுத்து விட்டால் ஒரு பிரதி கிடைக்கும். அதற்கு 'டிராக்' என்று பெயரிட்டு, டிராக்கில் கிடைத்த கிளிக்குகளை அதில் எழுதுங்கள். இரண்டையும் பிரின்ட் எடுத்து டாஷ்போர்டில் வையுங்கள். டிராக்கிலிருந்து கிளம்பும் முன் நான்கு குமிழையும் 'சாலை' அளவுக்குத் திருப்புங்கள். களைப்பில் மறக்கக்கூடிய வேலை இது. பேப்பரில் இருந்தால் மறக்காது.

கடலோரவாசிகளுக்கு ஒரு குறிப்பு: உப்புக்காற்றில் மறை துருப்பிடித்து வளையம் இறுகிவிடும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, மறையில் துரு தடுக்கும் ஸ்பிரே அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இது கட்டாயம்.

சட்டமும் இன்சூரன்ஸும்

தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பிஒய் 02 போர்டு என்றாலும் தமிழ்நாட்டு போர்டு என்றாலும் ஒரே சட்டம்தான். எனவே பணம் கட்டும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவியுங்கள். சாதாரண மோட்டார் பாலிசியில் ரேஸும் வேகச் சோதனையும் சேராது. டிராக்கில் ஏற்படும் சேதம் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

1992-ல் வில்லியம்ஸ் ரேஸ் காரில் சஸ்பென்ஷனைக் கம்ப்யூட்டரே இயக்கியது. அந்த ஆண்டு நைஜல் மான்செல் அதில் உலக சாம்பியன் ஆனார். 1994-ல் ஃபார்முலா ஒன்னில் அந்த முறைக்கே தடை போட்டார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் காருக்குள் ஏற வேண்டியதில்லை. மேஜை மீது இருந்தபடியே, எந்த ஸ்பிரிங்கை வாங்கக் கூடாது என்று அது சொல்லிவிடும். முதலில் எடைமேடைக்கும், உங்கள் தெருவில் உள்ள மோசமான ஸ்பீடு பிரேக்கருக்கும் ஒரு டேப்போடு போய் வாருங்கள். பி1-லும் பி8-லும் உங்கள் எண்களைப் போட்ட பிறகு கடைக்குப் போனால் போதும்.