டெட்ரா செத்தால் யார் பொறுப்பு?

கொளத்தூருக்கு வண்ண மீன் வாங்கப் போகும் பலர் தொட்டி, ஃபில்டர், கல், மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு வந்து, அன்று மாலையே மீனை விட்டுவிடுகிறார்கள். சில நாட்களில் நியான் டெட்ராக்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும். "நமக்கு மீன் ராசியில்லை" என்று வீட்டில் முடிவு கட்டுவார்கள். "உங்க தண்ணி சரியில்ல சார்" என்பார் கடைக்காரர். பல நேரம் அவர் சொல்வது உண்மை. எல்லா நேரமும் அல்ல.

நியான் டெட்ரா அமேசானின் மேற்பகுதிச் சிற்றாறுகளில் வாழும் மீன். இலைதழை ஊறிய, உப்பு மிகக் குறைந்த, லேசான அமிலத்தன்மையுள்ள தண்ணீர் அது. இங்கே விற்பவை பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. நம் போர் தண்ணீரின் கடினத்தன்மையை ஓரளவு சமாளிக்கும். சமாளிக்க முடியாதவை குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் குளோரினும், மீனின் கழிவிலிருந்தே உண்டாகும் அம்மோனியாவும்தான். குளோரினை நீக்க ஹைப்போ கரைசல் போதும். அம்மோனியாவுக்குப் பொறுமை வேண்டும். அதைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விடாமல், தினம் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் போட்டு ஃபில்டரை ஓடவிடுங்கள். அம்மோனியா, அது சிதையும்போது உண்டாகும் நைட்ரைட் இரண்டும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டிய பிறகு மீன் வாங்குங்கள். கூட்டமாக வாழும் இனம் என்பதால் ஆறுக்குக் குறைய வேண்டாம். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் அந்தப் பாக்டீரியாவில் பெரும்பகுதி போய்விடலாம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து மாட்டுங்கள்.

இனி கடைக்காரர் பக்கம். வாங்கும் முன் அவருடைய தொட்டியைச் சற்று நேரம் கவனியுங்கள். கூட்டத்தை விட்டுத் தனியே அலையும் மீன், நீலக்கோடு வெளிறி உடலில் வெள்ளைத் திட்டு, வளைந்த முதுகு ஆகியவை நியான் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். தசைக்குள் புகும் ஓர் ஒட்டுண்ணியால் வருவது. நம்பகமான மருந்து கிடையாது. ஒரு மீனிடம் தெரிந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள்.

தெரியாமல் வாங்கிவிட்டால்? "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைக் கண்டு பின்வாங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம். ஆனால் குறை கடையிலிருந்தே வந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். பில், கடைத் தொட்டியின் வீடியோ, செத்த மீனின் படம், உங்கள் தண்ணீரின் டெஸ்ட் முடிவு இருந்தால் பேச்சுக்கு வலு உண்டு. கடை மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்; அதற்குக் கட்டணமில்லை. அதன் பிறகுதான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். முப்பது ரூபாய் மீனுக்கு யாரும் வழக்குப் போடப் போவதில்லை என்பது வேறு விஷயம். ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டிச் செத்த மீன்களைப் பார்சலில் பெற்றவர்களுக்கு இது உதவும்.

ரோஸ், பச்சை, நீலம் என்று மின்னும் விடோ டெட்ராக்களைக் கண்டால் என்ன வகை என்று கேளுங்கள். சாயம் ஏற்றியது என்றால் சில மாதங்களில் நிறம் வெளுக்கும். அதற்குள் மீன் பட்ட வேதனை தனி. மரபணு மாற்றியது என்றால், அரசின் அனுமதியின்றி அத்தகைய உயிர்களை வளர்க்கவோ விற்கவோ 1989ஆம் ஆண்டு விதிகள் இடம் தருவதில்லை. இரண்டையும் வாங்காமலிருப்பதே என் பரிந்துரை.

உங்கள் உடம்புக்கும் ஆபத்து உண்டு. தொட்டிக்குள் கையை விடும் முன் ஹீட்டர், பம்ப், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குங்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். தொட்டி நீரிலுள்ள ஒருவகை மைக்கோபாக்டீரியா காயம் வழியே புகுந்து, வாரக்கணக்கில் ஆறாத கட்டியாகலாம். அப்போது தோல் மருத்துவரிடம் மீன் வளர்ப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

சலித்துப்போய் மீனை ஏரியில் விடுவது புண்ணியமில்லை. கண்ணாடி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன் அப்படித்தான் தமிழக நீர்நிலைகளில் பரவி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. வேண்டாத டெட்ராக்களை வளர்ப்பவர் யாருக்காவது கொடுங்கள், அல்லது கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.