மென்பொருள்களை மொத்தமாகக் கட்டும் ஸ்கிரிப்ட்: ஒரு விளக்கம்



போன மாதம் படிவம் 5 மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், விளக்கக் கட்டுரைக்குத் தொழில்நுட்பத் தலைப்பு வந்தா எல்லாரும் கைப்பேசியோட நன்மை தீமையைத்தான் எழுதுறோம். வேற என்னதான் எழுதுறது?" நியாயமான கேள்வி. ஆசிரியர் பணிக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அங்கே நான் கவனித்துக்கொண்ட வேலையையே எளிய தமிழில் விளக்கிப் பார்க்கிறேன். தலைப்பு புதிதாக இருக்கலாம். ஆனால் கணினிப் பாடம் எடுக்காதவர்களுக்கும் புரியும்.

மென்பொருளை எழுதுபவர் மனிதர் படிக்கக்கூடிய வடிவில் எழுதுகிறார். அது மூலநிரல். கணினி இயக்கக்கூடிய வடிவமாக அதை மாற்றுவதைத்தான் 'கட்டுதல்' என்கிறோம். மாற்றியதை ஒரு கோப்பாகச் சுருட்டிக் கொடுத்தால் அது பொதி. நாம் ஒரு பொத்தானை அழுத்தி மென்பொருளை நிறுவிக்கொள்கிறோம் என்றால், நமக்கு முன்னால் எங்கோ யாரோ அதைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஒரு மென்பொருள் என்றால் கையாலேயே கட்டிவிடலாம். ஆயிரக்கணக்கில் இருந்தால்? நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். அது 1993-இல் தொடங்கியது. அதற்கான பேக்கேஜ்சோர்ஸ் என்ற பொதி அமைப்பு 1997-இல் உருவானது. இன்று அதில் 10,000-க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. ஆண்டுக்கு நான்கு முறை நிலையான பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொரு முறையும் அத்தனையையும் திரும்பக் கட்டிப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து கையால் செய்கிற காரியமா இது? அதனால்தான் ஸ்கிரிப்ட். வரிசையாகக் கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு. ஓட்டிவிட்டால் அதுவே ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போகும்.

இந்த அமைப்பில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சின்ன அடைவு இருக்கும். எப்படிக் கட்ட வேண்டும் என்ற குறிப்பு ஒரு கோப்பில். இது என்ன மென்பொருள் என்ற விளக்கம் இன்னொன்றில். இறக்கிய மூலநிரல் வழியில் மாறிவிடவில்லை என்று சரிபார்க்கும் எண்கள் மூன்றாவதில். நிறுவியபின் என்னென்ன கோப்புகள் இருக்க வேண்டும் என்ற பட்டியல் நான்காவதில். பட்டியலில் இருப்பது வரவில்லை என்றாலோ, பட்டியலில் இல்லாதது வந்து நின்றாலோ தவறு என்று காட்டும். நம்முடைய வருகைப் பதிவேடு மாதிரிதான்.

இனி முக்கியமான கருத்துக்கு வருவோம்: சார்பு. தமிழ் மாணவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். முதலெழுத்து 30, உயிர் 12, மெய் 18. உயிர்மெய்யை நன்னூல் சார்பெழுத்தில் சேர்க்கிறது. ஏன்? 'க' என்ற உயிர்மெய் வர வேண்டுமென்றால் 'க்' இருக்க வேண்டும், 'அ' இருக்க வேண்டும். மென்பொருளும் அப்படித்தான். ஒரு படம் திருத்தும் மென்பொருள், படங்களைப் படிக்கும் வேறொரு மென்பொருளைச் சார்ந்திருக்கும். அது சுருக்கும் வேலை செய்யும் இன்னொன்றைச் சார்ந்திருக்கும். எனவே மொத்தமாகக் கட்டும் ஸ்கிரிப்ட் முதலில் எல்லா அடைவுகளையும் படித்து, எது எதைச் சார்ந்தது என்று கண்டுபிடித்து, அடியிலிருந்து மேலே வரிசைப்படுத்துகிறது. பேக்கேஜ்சோர்ஸில் இந்த வேலையைச் செய்யும் கருவியின் பெயர் பிபல்க்.

சார்புகளை எழுதும்போது மனிதர் செய்யும் தவறு ஒன்று உண்டு. அம்மா சொல்லச் சொல்ல ஒரு குழம்பின் செய்முறையை எழுதியிருப்பீர்கள். புளி, மிளகாய், கொத்தமல்லி எல்லாம் இருக்கும்; உப்பு இருக்காது. அடுப்புப் பக்கத்தில் எப்போதும் உப்பு இருப்பதால் அம்மாவுக்குச் சொல்லத் தோன்றவில்லை. பொதியை எழுதுபவரின் கணினியிலும் ஏற்கெனவே நூறு மென்பொருள்கள் இருக்கும். ஒரு சார்பைக் குறிப்பிட மறந்தாலும் அவருடைய கணினியில் ஒழுங்காகக் கட்டிவிடும். வேறொருவர் கணினியில் உடையும்.

இதைப் பிடிப்பதற்குப் பிபல்க் கையாளும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு பொதியையும் கட்டத் தொடங்குமுன், ஏற்கெனவே நிறுவிய எல்லாவற்றையும் அழித்துவிடும். அடுப்படியைக் காலி செய்து, செய்முறையில் எழுதிய பொருள்களை மட்டும் எடுத்து வைப்பது போல. உப்பு எழுதவில்லையா, உப்பு கிடையாது. குழம்பு கெட்டுப்போகும், தவறு உடனே தெரியும். பல ஆயிரம் தடவை அழித்து அழித்து நிறுவுவதால் நேரம் கூடத்தான் செய்யும். நேரத்தை மிச்சப்படுத்த இந்த ஒரு படியை எடுத்துவிட்டால் மொத்தமாகக் கட்டுவதன் பயனே பாதி போய்விடும் என்பது என் கருத்து.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்திலும் இதே வேலைக்கு ஒரு கருவி இருக்கிறது. பெயர் பூத்ரியேர். பிரெஞ்சு மொழியில் அதற்கு வெடிமருந்துக் கிடங்கு என்று பொருள்! வைத்தவர் அனுபவப்பட்டுத்தான் வைத்திருப்பார் போல.

கட்டி முடித்ததும் அறிக்கை வரும். தானே உடைந்தது எது, தான் சார்ந்திருந்தது உடைந்ததால் கட்ட முடியாமல் போனது எது என்று பிரித்துக் காட்டும். பெர்ல் போன்ற அடிப்படைப் பொதி ஒன்று உடைந்தால் அதன் மேல் நிற்கும் நூற்றுக்கணக்கானவை கட்டப்படாமலே நின்றுவிடும். அறிக்கையைப் பார்த்தால் உலகமே இடிந்த மாதிரி இருக்கும். திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று. அதனால்தான், எது உடைந்ததால் அதிகமானவை நின்றன என்ற வரிசையில் அறிக்கை தருகிறார்கள்.

சரி, ஸ்கிரிப்ட் எழுதியாச்சு, ஓடுது. அப்புறம் பராமரிக்க என்ன இருக்கு என்று கேட்கலாம். நிறைய இருக்கு. வட்டு நிரம்பிவிட்டால் அடுத்து வரும் எல்லாப் பொதிகளும் உடைந்ததாகப் பதிவாகும். (ஒவ்வொன்றும் சில விநாடிகளிலேயே தோற்றிருந்தால் பொதியைச் சந்தேகிக்காதீர்கள், வட்டைப் பாருங்கள்.) மூலநிரல் இருந்த இணையத்தளம் காணாமல் போகும. ஏதோ ஒரு பொதி 'ஆமாவா, இல்லையா' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக விடிய விடியக் காத்திருக்கும். அதற்கு நேர வரம்பு வைக்க வேண்டும். இவையெல்லாம் தொல்லைதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் தொல்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நானே செய்தேன். ஒரு கட்டளை முடிந்ததும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும்: 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி. ஸ்கிரிப்ட் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பதிவு செய்யும். கட்டும்போது வரும் செய்திகளைத் திரையிலும் பார்க்க வேண்டும், கோப்பிலும் சேமிக்க வேண்டும் என்று, 'மேக்' கட்டளையின் வெளியீட்டை 'டீ' என்ற கட்டளைக்குக் குழாய் வைத்து அனுப்பினேன். ஒரே ஒரு வரி மாற்றம். ஆனால் இப்படி இரண்டு கட்டளைகளைக் குழாயால் இணைத்தால், வழக்கமாகக் கடைசிக் கட்டளையின் எண்தான் திரும்பி வரும். 'மேக்' தோற்றாலும் 'டீ' தன் வேலையைச் சரியாகச் செய்து 0 கொடுத்துவிடும். பாஷில் இதைத் தடுக்க 'பைப்ஃபெயில்' என்ற அமைப்பு இருக்கிறது. அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் அறிக்கை முழுக்கப் பச்சை. எல்லாரும் பாராட்டினார்கள். உடைந்த பொதிகளின் இடத்தில் முந்தைய மாதத்துக் கோப்புகள் அப்படியே கிடந்தன. ஸ்கிரிப்ட் அவற்றையே எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக் குறை ஒன்றைத் திருத்திய பதிப்பு தங்களுக்கு வரவே இல்லையே என்று ஒரு வாடிக்கையாளர் கேட்ட பிறகுதான் தேடினோம்.

இரண்டு திருத்தம் செய்தேன். முதலாவது, 'மேக்' தரும் எண்ணையே பார்ப்பது. இரண்டாவது, கட்டத் தொடங்குமுன் பழைய கோப்பை அப்புறப்படுத்திவிட்டு, முடிந்தபின் புதிய கோப்பு உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று பார்ப்பது. அன்றிரவே ஓட்டினேன். காலையில் வந்து பார்த்தால் அறிக்கை முழுக்கச் சிவப்பு. எல்லாவற்றையும் சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது.