30 மில்லி ஆம்பியர்

தலைக்கு மேல் சுற்றும் 75 வாட் சீலிங் ஃபேன் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் சுமார் 0.3 ஆம்பியர். ஈரக் கையோடு பழுதான கீசரைத் தொட்ட ஒருவரின் உடம்பு வழியாகத் தரைக்குப் பாய்ந்து அவரைக் கொல்வதற்கு அதில் பாதியே போதும். பெரும்பாலானோர் இதை நம்ப மாட்டார்கள். "அதான் பியூஸ் இருக்கே, ஷாக் அடிச்சா போயிடுமே" என்பார்கள்.

போகாது. பழைய வீடுகளின் பியூஸ் கட்டையானாலும் புது வீடுகளின் எம்சிபியானாலும், அது காப்பது வயரை. வயர் தாங்கும் அளவைவிட அதிக மின்சாரம் ஓடினால் சூடேறி இன்சுலேஷன் உருகித் தீப்பிடிக்கும். அதற்கு முன் துண்டிப்பதுதான் எம்சிபியின் வேலை. 16 ஆம்பியர் எம்சிபியின் கணக்கில், உங்கள் உடம்பு வழியே போகும் 0.15 ஆம்பியர் என்பது வீட்டில் யாரோ இன்னொரு விளக்கைப் போட்டதற்குச் சமம். அது அசையாமல் இருக்கும்.

மனிதரைக் காக்க வேறொரு கருவி வேண்டும். அதன் பெயர் ஆர்சிசிபி. பெங்களூரில் மெஜஸ்டிக்கிலிருந்து ஸ்ரீராம்புரம் போகும் வழியில், ரயில் பாதையை ஒட்டியிருக்கும் ஒக்கலிபுரத்தில் மாடி மேல் மாடியாக வாடகைக்குக் கட்டிய வீடுகள் நிறைய. அப்படி ஒரு வீட்டின் மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள். வரிசையாக எம்சிபிகள் இருக்கும். அவற்றைவிட அகலமாக, 'டெஸ்ட்' என்று சின்னப் பொத்தானோடு ஒன்று இருந்தால் அதுதான். இல்லாவிட்டால், உங்கள் வீட்டில் வயருக்குப் பாதுகாப்பு இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

ஆர்சிசிபியின் உள்ளே நடப்பது எளிய கணக்கு. ஃபேஸ் வயரும் நியூட்ரல் வயரும் ஒரே இரும்பு வளையத்தின் நடுவே போகின்றன. ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பினால், இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துவிடும். வளையத்தில் எதுவும் மிஞ்சாது. போனதில் கொஞ்சம் உங்கள் கால் வழியாகத் தரைக்கு இறங்கிவிட்டால், திரும்பி வருவது குறையும். அந்த வித்தியாசம் வளையத்தைச் சுற்றிய கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டத்தைக் கிளப்பும். உடனே ஒரு கொக்கி விடுபட்டு, ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே அறுபடும். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு குறைந்தால் 0.3 விநாடிக்குள் அது விழுந்தாக வேண்டும்; அதைப்போல் ஐந்து மடங்கு குறைந்தால் 0.04 விநாடிக்குள். ஷாக் அடிக்கத்தான் செய்யும். ஆனால் இதயம் தாளம் தப்புவதற்குள் மின்சாரம் நின்றிருக்கும்.

இந்தக் கருவி தங்கச் சுரங்கத்திலிருந்து வந்தது. நம் பக்கத்துக்கு மின்சாரமே தங்கத்துக்காக வந்ததுதான். 1902-இல் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே முதலில் போய்ச் சேர்ந்தது கோலார் தங்கவயலுக்கு. அங்கே பூமிக்கடியில் வேலை செய்தவர்களில் தமிழர்கள் ஏராளம். பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதன் பிறகு, 1905-இல். அரை நூற்றாண்டு கழித்துத் தென்னாப்பிரிக்காவில், சுரங்கங்களில் நேரும் மின்விபத்துகளைத் தடுக்க ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். 1955-இல் அவர் செய்தது 250 மில்லி ஆம்பியர் கசிந்தால்தான் விழும். மனிதருக்கு அது பயன்படாது. அடுத்த ஆண்டே அதைப் பல மடங்கு நுட்பமாக்கினார். ஸ்டில்ஃபான்டைன் என்ற சுரங்க ஊரில் ஒரு பெண் வீட்டிலேயே மின்சாரம் தாக்கி இறந்த பிறகு, 1957, 58-இல் அந்த ஊரின் சில நூறு வீடுகளில் 20 மில்லி ஆம்பியர் கருவிகளைப் பொருத்தினார்கள்.

இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறைகள், வீட்டு இணைப்பில் இந்தக் கருவியின் எல்லை 30 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்றன. பெங்களூர் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டு மின்சாதனக் கடைகளில் வாங்கப் போகிறவர்கள் இந்த எண்ணைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். 100, 300 என்று அச்சிட்டவையும் அச்சு அசலாக இதே போலத்தான் இருக்கும். 300 என்பது தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காக்காது.

சரி, வீட்டில் நாமே எவ்வளவு தூரம் கை வைக்கலாம்? இதற்குச் சட்டத்தில் தெளிவான பதில் உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதி சொன்னதையே 2010 விதிமுறைகளும் சொல்லின: பல்பு, ஃபேன், பியூஸ், சுவிட்ச், வீட்டு உபயோகச் சாதனங்கள் ஆகியவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் எந்த வேலையானாலும், கூடுதல் பாயின்ட் இழுப்பதானாலும், அரசு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமாக, தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில், பெர்மிட் வைத்திருக்கும் வயர்மேன்தான் செய்ய வேண்டும். கர்நாடகத்தில் இந்த உரிமங்களைத் தருவது மாநில மின் ஆய்வுத் துறை. தெருமுனைக் கடையில் "எலக்ட்ரீஷியன் இருக்காரா" என்று கேட்டு அழைத்து வருகிறோமே, அவரிடம் பெர்மிட் இருக்கிறதா என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்ற தயக்கம்தான்.

திறனும் தன்மையும் மாறாதபடி என்ற நிபந்தனை அர்த்தமுள்ளது. வாளியில் போடும் 1500 வாட் ஹீட்டர் ராடு இழுப்பது 6.5 ஆம்பியர். சின்ன பிளக் பாயின்டின் அளவோ 6 ஆம்பியர்தான். பெங்களூர் டிசம்பர் குளிரில் காலையில் அரை மணி நேரம் அதில் ராடு ஓடினால் சாக்கெட் இளகிக் கருகக்கூடும். உடனே சாக்கெட்டைக் கழற்றிவிட்டு 16 ஆம்பியர் பவர் பிளக்கை மாட்டிவிடுகிறார்கள். சாக்கெட் பெரிதாயிற்று, சுவருக்குள் போகும் வயர் விளக்குக்குப் போட்ட அதே மெல்லிய வயர். இப்போது கருகுவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அதோடு எம்சிபி அடிக்கடி விழுகிறதென்று அதையும் பெரிதாக்கினால், வயருக்கிருந்த ஒரே காவலும் போய்விடும்.

சுவிட்சை மாற்றலாம் என்று விதி அனுமதிக்கிறது. அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. சுவிட்ச் எப்போதும் ஃபேஸை அறுக்க வேண்டும். தவறி நியூட்ரலில் மாட்டினாலும் விளக்கு ஒழுங்காக எரியும், அணையும். ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். பல்பு மாற்றக் கை வைக்கும்போதுதான் தெரியவரும். ஆகவே சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினையே இறக்க வேண்டும்.

ஆர்சிசிபி இருக்கும் வீடுகளிலும் அதை ஓரம்கட்டிவிடுவது நடக்கிறது. பெரும்பாலும் காரணம் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டருக்கான ஃபேஸை ஆர்சிசிபிக்கு முன்னாலேயே எடுத்துவிட்டு, அந்த விளக்குகளின் நியூட்ரலை மட்டும் பின்னால் உள்ள பொது நியூட்ரல் பட்டையில் சேர்த்துவிடுகிறார்கள். வளையத்தின் வழியே போகாத மின்சாரம் வளையத்தின் வழியே திரும்புகிறது. கணக்கு இடிக்கிறது, கருவி விழுகிறது. "இது சும்மா சும்மா விழுது சார்" என்று சொல்லி நேராக இணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். செய்ய வேண்டியது, இன்வெர்ட்டரில் ஓடும் விளக்கு, ஃபேன்களுக்கு நியூட்ரலைத் தனியாகப் பிரித்து, இன்வெர்ட்டரின் வெளியீட்டில் இன்னொரு ஆர்சிசிபி போடுவது. கரன்ட் போன நேரத்திலும் வீட்டுக்குள் ஓடுவது 230 வோல்ட்தான்.

ஆர்சிசிபிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்து, காலில் ரப்பர் செருப்போடு நின்றால் ஆர்சிசிபி விழாது. போனது முழுவதும் திரும்பி வருவதால் அதன் கணக்கில் நீங்கள் ஒரு பல்பு. எர்த் வயர் இல்லாத வீட்டிலும் ஆர்சிசிபி வேலை செய்யும், ஆனால் யாராவது தொட்டுக் கசிவு ஏற்பட்ட பிறகுதான். எர்த் இருந்தால் கீசர் பழுதான கணமே கசிவு அதன் வழியே இறங்கிக் கருவி விழுந்துவிடும், யாரும் தொடும் முன்பே. மூன்று முனை பிளக்கில் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது, செருகும்போது அது முதலில் போய்த் தொடவும், உருவும்போது கடைசியில் விடவும்தான்.

டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் கருவியை மாற்ற வேண்டும். விழுந்துவிட்டது என்பதற்காக எர்த் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பொத்தான் கிளப்பும் கசிவு பெட்டிக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். சாக்கெட்டிலிருந்து தரைவரை எர்த் தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதை, அதற்கான மீட்டரை வைத்து வயர்மேன்தான் அளந்து சொல்ல வேண்டும்.