கேதுரு மாளிகையும் கொடுக்காத கூலியும்

எருசலேமிலே ஒரு மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. விசாலமான மேலறைகள், அகன்ற பலகணிகள், சுவரெங்கும் கேதுரு மரப்பலகை, அதன்மேல் செந்நிறப் பூச்சு. கட்டுவித்தவன் யூதாவின் அரசன் யோவாக்கீம். கட்டிய கைகளுக்கு மட்டும் கூலி இல்லை.

அந்தக் காலத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கி.மு. 609-இல் நல்லரசன் யோசியாஸ் மெகித்தோவில் மாண்டான். மக்கள் அவனுடைய இளைய மகனை அரியணையில் ஏற்றினர். மூன்றே மாதங்களில் எகிப்தின் பாரவோன் அவனை இறக்கிவிட்டு, 25 வயதான அவன் தமையனை அமர்த்தினான். யோவாக்கீம் என்று பெயரும் மாற்றினான். நாட்டின்மேல் 100 தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் தண்டமாக விழுந்தன. அதைச் செலுத்தக் குடிகளிடமிருந்து வரி பிழியப்பட்டதாக அரசராகமம் கூறுகிறது. இத்தகைய ஆட்சியிலேதான் கேதுரு மாளிகை!

எரேமியாஸ் இறைவாக்கினர் இதைக் கண்டு வாய்மூடி இருக்கவில்லை. அவரது ஆகமத்தின் 22-ஆம் அதிகாரத்தை வாசகர்கள் வீட்டில் நிதானமாக எடுத்து வாசிப்பது நல்லது. கேதுரு மரத்தால் பிறரை விஞ்சுவதாலா நீ அரசன் என்று அவர் நேருக்கு நேராகக் கேட்கிறார். உன் தந்தையும் உண்டான், குடித்தான். ஆயினும் நீதி செய்தான், எளியவனின் வழக்கைக் கேட்டான் என்கிறார். அதற்குப் பின் வருவதுதான் நெஞ்சைத் தொடுவது. அவ்வாறு செய்வதே இறைவனை அறிதல் என்கிறார். செபத்தால் அறிதல் என்றோ, பலியால் அறிதல் என்றோ அவர் அங்கே சொல்லவில்லை. நம்மில் பலர் ஞானோபதேச வினா விடைகளைச் சிறுவயதிலேயே மனப்பாடமாக ஒப்பித்தவர்கள். எரேமியாஸ் கேட்கும் பரீட்சையில் எத்தனை பேர் தேறுவோமோ, தெரியவில்லை.

கூலியைப் பற்றிய கட்டளை எரேமியாஸ் காலத்தில் புதிதாக முளைத்ததன்று. கூலியாளின் ஊதியம் விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்கிறது லேவியராகமம். சூரியன் மறையுமுன் கொடு, ஏனெனில் அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது உபாகமம். அன்று மாலை அந்தக் காசு கைக்கு வராவிட்டால் அன்றிரவு அடுப்பு எரியாது. அவ்வளவுதான் விஷயம்.

நம் ஆண்டவர் சொன்ன திராட்சைத் தோட்ட உவமையையும் இந்த வெளிச்சத்தில் வாசிக்கலாம். கடைசி ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரு தெனாரியம் கிடைத்ததை நாம் அருளின் பெருமையாகப் பேசுகிறோம். அது சரியே. ஆனால் பொழுது சாய்ந்ததும் தோட்டக்காரர் தாமே காரியக்காரனை அழைத்து அனைவருக்கும் கூலி கொடுக்கச் சொல்வதைக் கவனிக்கிறோமா? விடியற்காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. நீதி முழுவதும் செலுத்தப்பட்ட அதே தோட்டத்தில்தான் அருள் அதற்கு மேலாகப் பொழிகிறது. நாமோ பல வேளைகளில் இதைத் தலைகீழாக்கிவிடுகிறோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் காய்ச்சலில் கிடந்த நான்கு நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வோம். பிறகு கிறிஸ்துமசுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்துத் தருமம் செய்ததாக மனநிறைவு அடைவோம்.

அறுவடை செய்தவர்களின் கூக்குரல் சேனைகளின் ஆண்டவருடைய செவிக்கு எட்டிவிட்டது என்று யாகப்பர் தம் நிருபத்தில் எச்சரிக்கிறார். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலையைக் குறித்து எழுதிய சுற்றுமடலில் இந்த இடத்தையே எடுத்தாண்டார். இருவர் ஒப்புக்கொண்ட கூலி என்பதனாலேயே அது நியாயமான கூலி ஆகிவிடாது, சிக்கனமாய் வாழும் தொழிலாளியைத் தாங்க அது போதுமானதாக இருக்க வேண்டும் என்றும் அதில் வற்புறுத்தினார். கூலியை மறுப்பதை வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்றாகத் திருச்சபை இன்றும் எண்ணுகிறது. கட்டப்படுவது நம் பங்குக் கோவிலே ஆனாலும் இதற்கு விலக்கு இல்லை. கொத்தனாரும் சித்தாளும் சனிக்கிழமை மாலை வெறுங்கையோடு திரும்பினால், ஞாயிறு காலை அங்கே ஒலிக்கும் மணியை அவர்கள் எந்தச் செவியோடு கேட்பார்கள்?

யோவாக்கீமின் கதையில் இன்னும் ஒரு காட்சி உண்டு. அவன் ஆட்சியின் ஐந்தாம் ஆண்டு, ஒன்பதாம் மாதம், குளிர்காலம். அரசன் கணப்புச் சட்டியின் முன் அமர்ந்திருக்கிறான். எரேமியாசின் வாக்குகளை எழுதிய சுருள் அவனுக்கு வாசிக்கப்படுகிறது. மூன்று நான்கு பத்திகள் வாசித்ததும், அந்தப் பகுதியைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். மூன்று அதிகாரிகள் வேண்டாமென்று மன்றாடியும் கேட்கவில்லை. சுருள் முழுவதும் சாம்பலாயிற்று. உழைத்தவனின் குரலைக் கேட்க மறுத்த செவி, இறைவனின் குரலையும் கேட்க மறுத்ததில் வியப்பில்லை.

எரேமியாஸ் வேறொரு சுருளை எடுத்துத் தம் எழுத்தர் பாரூக்கிடம் கொடுத்தார். எரிந்துபோன வாக்குகள் அனைத்தையும் பாரூக் மீண்டும் எழுதினார். இம்முறை அவற்றோடு இன்னும் பல வாக்குகள் சேர்ந்தன.