ஒலிபெருக்கியைக் குறைகூறுமுன் அறையை அளப்போம்

மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வருவோர் கொண்டுவரும் பொதிகளில் ஹோம் தியேட்டர் பெட்டியும் ஒன்றாக இருப்பது கிண்ணியாவிலோ மூதூரிலோ திருகோணமலை நகரிலோ புதிய காட்சியன்று. ஐந்து சிறிய ஒலிபெருக்கிகள், சப்வூபர் எனப்படும் ஒரு பெரிய பெட்டி, இவற்றை இயக்கும் ரிசீவர் என்பன வீட்டு மண்டபத்தில் இடம்பிடிக்கின்றன. சில நாட்களில் முறைப்பாடும் தொடங்கிவிடுகின்றது. வெடிச்சத்தம் வீட்டை அதிரவைக்கின்றது; ஆனால் கதாநாயகன் பேசுவது விளங்கவில்லை. பாட்டில் மிருதங்கத்தின் எல்லா அடிகளும் ஒரே 'கும்' என்ற ஓசையாகக் கேட்கின்றன. பெட்டி தரமற்றது என்று ஒரு சாராரும், இன்னும் பெரிய சப்வூபர் வாங்கவேண்டும் என்று மறுசாராரும் முடிவு செய்கின்றனர். பெரும்பாலான வீடுகளில் இவ்விரு முடிவுகளும் பிழையானவை. கடல் கடந்து உழைத்த பணம் இரண்டாவது தடவையும் வீணாவதற்கு முன்னர், குறை பெட்டியில் உள்ளதா அறையில் உள்ளதா என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குப் பரிவுக் குழாய்ப் பரிசோதனை நினைவிலிருக்கும். குறித்த நீளமுள்ள குழாய்க்குள் எல்லா ஒலிகளும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. அந்த நீளத்துக்குப் பொருந்தும் மீடிறனுடைய ஒலி மாத்திரம் பன்மடங்கு உரத்துக் கேட்கும். நாம் குடியிருக்கும் அறையும் அத்தகையதொரு குழாய்தான். எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கிடையில் ஒலி போய்த் திரும்பி, நிலையான அலையாக நின்றுவிடுகின்றது. சுவரோரத்தில் அது உச்சமாகவும், இடையே சில இடங்களில் இல்லாததுபோலவும் இருக்கும்.

இந்தக் கோளாறு மனிதக் குரலைவிடப் 'பேஸ்' எனப்படும் தாழ்ந்த ஒலியிலேயே மோசமாக வெளிப்படுவது ஏன்? அலைநீளத்தில்தான் விடை இருக்கின்றது. நமது வெப்பநிலையில், அதாவது ஏறத்தாழ 30 பாகை செல்சியசில், ஒலி செக்கனுக்குச் சுமார் 349 மீற்றர் செல்லும். 10,000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரைச் சென்ரிமீற்றர் மாத்திரமே. ஒரு திரைச்சீலையே அதனை ஓரளவு அடக்கிவிடும். 20 ஹேர்ட்ஸ் ஒலியின் அலையோ 17 மீற்றருக்கும் அதிகமானது. அதற்கு முன்னால் திரைச்சீலையும் மெத்தைக் கதிரையும் இல்லாதவை போன்றவையே.

இத்தகைய தாழ் ஒலி திருகோணமலைக்கு அந்நியமானதன்று என்பதையும் இங்கு குறிப்பிடலாம். கரையை அண்மித்தே ஆழ்கடல் பள்ளத்தாக்கு அமைந்துள்ள இக்கடலில், 1980களின் முற்பகுதியில் ஆய்வாளர்கள் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி நீலத்திமிங்கிலங்களின் ஓசையைப் பதிவு செய்தனர். அவ்வோசையின் பெரும்பகுதி 100 ஹேர்ட்ஸை அண்டியும் அதற்குக் கீழும் அமைந்தது. சப்வூபரின் எல்லையும் ஏறத்தாழ இதுவே. கடலில் சுவர் இல்லை. திமிங்கிலத்துக்கு இந்தத் தொல்லையும் இல்லை.

நமது வீடுகளின் கணக்கைப் பார்ப்போம். சுனாமிக்குப் பின்னரான மீள்குடியேற்றத்தில் ஒரு வீட்டுக்கு வகுக்கப்பட்ட ஆகக்குறைந்த பரப்பு 500 சதுர அடி. இத்தகைய வீட்டின் மண்டபம் 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டதெனக் கொள்வோம். நீளப்பாட்டில் முதலாவது பரிவு 48 ஹேர்ட்ஸ் அளவிலும், அகலப்பாட்டில் 57 ஹேர்ட்ஸ் அளவிலும் ஏற்படும். மேல்தட்டும் 10 அடி உயரத்திலிருந்தால் அதே 57 ஹேர்ட்ஸ் இரண்டு பக்கத்தாலும் ஏறிவரும். அளவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்க ஒத்திருக்க, கேடு ஒரே சுருதியில் குவியும். மேலே கேட்ட 'கும்' இதுவே. சீமெந்துச் சுவரும் தரை ஓடும் ஒலியை உறிஞ்சுவதில்லை. வந்ததை அப்படியே திருப்பியனுப்பும். கூரை வெறும் அஸ்பெஸ்டஸ் தகடாயின் தாழ் ஒலியில் ஒரு பகுதி வெளியேறிவிடும். அது வீட்டாருக்கு நன்மை. அயலாருக்கு எவ்வாறு என்பதைப் பின்னர் பார்ப்போம்.

திரையரங்குகளில் இந்தச் சிக்கல் நெடுங்காலத்துக்கு முன்னரே உணரப்பட்டது. 1995 இல் வெளிவந்த 'குருதிப்புனல்' போன்ற படங்களுடன் டொல்பி ஒலியமைப்பு தமிழ்ச் சினிமாவை எட்டியது. இத்தகைய அரங்குகளில் தொழில்நுட்பவியலாளர் ஒலிவாங்கியை வைத்து அளந்து, ஒவ்வோர் ஒலிபெருக்கியையும் நியமத்துக்கு இசைவாக்குவது வழக்கம். வீட்டுக்கு அப்படி எவரும் வருவதில்லை. அந்தத் தொழில்நுட்பவியலாளரின் வேலையை ரிசீவருக்குள்ளேயே வைத்துவிடும் முயற்சிதான் 'அறைத் திருத்தம்' எனும் தொழில்நுட்பமாகும். டி.எச்.எக்ஸ். திரையரங்கு நியமத்தை உருவாக்கிய ரொம்லின்சன் ஹோல்மன், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் கிரியகாகிஸ், சுனில் பரித்கர் முதலியோர் 2002 இல் நிறுவிய 'ஓடிஸி' இத்துறையில் பெயர்பெற்றது. சுவீடனின் உப்சாலா நகரிலிருந்து 'டிராக்' வந்தது. யமஹா, பயனியர் ஆகியன தத்தமது முறைகளை வைத்துள்ளன. பெயர்கள் வேறாயினும் செய்கை ஏறத்தாழ ஒன்றே.

ரிசீவருடன் வரும் சிறிய ஒலிவாங்கியை அமரும் இடத்தில், காதின் உயரத்தில் வைக்கவேண்டும். ஒவ்வோர் ஒலிபெருக்கியும் முறைப்படி, தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை செல்லும் ஒரு பரீட்சார்த்த ஒலியை எழுப்பும். அது வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தையும், அதன் உரப்பிலிருந்து மட்டத்தையும், எந்த மீடிறன் கூடியது எது குறைந்தது என்பதையும் கருவி கணக்கிடும். பின்னர் கூடியதைக் குறைத்து, குறைந்ததைச் சற்றே கூட்டி, எல்லா ஒலிபெருக்கிகளினதும் ஒலி ஒரே நேரத்தில் காதை அடையுமாறு தாமதங்களை அமைக்கும். ஓர் இடத்தில் மாத்திரம் அளந்தால் அந்த ஒரு புள்ளிக்கே திருத்தம் பொருந்துமாதலால், ஆறு அல்லது எட்டு இடங்களில் அளக்குமாறு கேட்கும். அவ்விடங்கள் பிரதான இருக்கையைச் சுற்றி இரண்டடிக்குள் இருப்பது நல்லது. வீட்டிலுள்ள எல்லோருக்கும் நீதி வழங்கக் கருதிச் சமையலறை வாசல்வரை ஒலிவாங்கியைக் கொண்டுபோவோர் உண்டு. அந்தச் சராசரி எவருக்கும் உதவாது.

விளம்பரங்கள் சொல்லாத ஒரு விடயத்தை இங்கு அழுத்திக் கூறவேண்டியுள்ளது. கருவியால் மேட்டைச் சீவமுடியும், பள்ளத்தை நிரப்பமுடியாது. நமது 12 அடி மண்டபத்தின் சரி நடுவில் ஒருவர் அமர்ந்தால் 48 ஹேர்ட்ஸ் ஒலி அவருக்கு ஏறத்தாழக் கேட்காது. முன்சுவரிலிருந்து வருவதும் பின்சுவரிலிருந்து திரும்புவதும் அவ்விடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அதனை ஈடுசெய்ய 10 டெசிபல் கூட்டுவதென்றால் ஒலிபெருக்கிக்குப் பத்து மடங்கு வலு தேவை. அனுப்பிய பத்து மடங்கும் அதேவிதமாக அழிந்துபோகும். எஞ்சுவது சூடேறிய சுருள் மாத்திரமே. ஆகவேதான் நல்ல திருத்த முறைகள் கூட்டும் அளவுக்கு வரம்பு வைத்துள்ளன. கதிரையை இரண்டடி பின்னுக்கு நகர்த்துவது எந்தக் கணினியாலும் செய்யமுடியாததைச் செய்துவிடும்.

சிறிய வீடுகளில் கதிரை பெரும்பாலும் பின்சுவரை ஒட்டியே கிடக்கின்றது, வேறு வழியுமில்லை. அங்கே தாழ் ஒலி மிகையாக இருக்கும். ஆயினும் மிகை என்பது கருவியால் சீவக்கூடிய குறை. எனவே அறைத் திருத்தம் மாளிகை வாசிகளுக்குரிய ஆடம்பரம் என்ற எண்ணம் சரியன்று என்பதே எமது கருத்து. சிறிய மண்டபத்துக்கே அதன் பயன் கூடுதலாகத் தெரியும்.

சப்வூபருக்கு இடம் தேடுவதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. அப்பெட்டியைத் தற்காலிகமாக நீங்கள் அமரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள். எங்கே ஒவ்வொரு சுருதியும் தெளிவாகவும் சமமாகவும் கேட்கின்றதோ அங்கே பெட்டியை வைக்கலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. மூலையில் வைத்தால் சத்தம் கூடும் என்பது உண்மை. ஆனால் மூலை எல்லாப் பரிவுகளையும் ஒருசேரத் தூண்டும் இடமுமாகும். பணம் செலவிட இன்னும் விருப்பமிருந்தால், ஒரு பெரிய சப்வூபருக்குப் பதில் இரண்டு சிறியவற்றை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைப்பது சிறந்த பலன் தரும் என்பதை அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ரொட் வெல்ரி செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

அளக்கும் வேளையில் நமது சூழலுக்கேற்ற சில கவனங்கள் தேவை. மின்விசிறியை நிறுத்தவேண்டும், அதன் காற்று ஒலிவாங்கியில் படுவதே தாழ் ஒலியாகப் பதிவாகும். லூவர் கண்ணாடி யன்னல்களும் கூரைத் தகடும் பரீட்சார்த்த ஒலிக்குக் கிடுகிடுக்கின்றனவா எனக் கேட்டு, ஆடுவதை முதலில் இறுக்கவேண்டும். கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்றும் ஈரமும் இணைப்பு முனைகளைக் கறள்பிடிக்கச் செய்யும். பழைய ஒலிபெருக்கியின் கூம்பைச் சுற்றியுள்ள பஞ்சு விளிம்பும் நாளடைவில் உக்கிவிடும். இவற்றை எந்தத் திருத்தமும் திருத்தாது. ஒலிவாங்கியைக் கதிரையின் முதுகில் சாய்த்துவைக்காமல் முக்காலியில் நிறுத்துவது முக்கியம். காகமும் வீதியோர மீன் வியாபாரியும் ஓயும் நேரம் பார்த்துச் செய்தால் நல்லது.

அளந்து முடிந்ததும் பலரும் இடறும் இடம் ஒன்றுண்டு. ஒலிபெருக்கிகளின் தூரத்தைத் திரையில் காட்டும்போது, எட்டடியில் உள்ள சப்வூபரைப் பன்னிரண்டடி எனக் கருவி கூறக்கூடும். அது பிழையன்று. சப்வூபருக்குள் உள்ள மின்சுற்று ஏற்படுத்தும் தாமதத்தையும் சேர்த்தே அது கணக்கிடுகின்றது. நாடாவால் அளந்து அந்த எண்ணை மாற்றுவோர் தாமே அதனைக் கெடுத்துவிடுகின்றனர். இதற்கு மாறாக, சிறிய ஒலிபெருக்கிகளை 'பெரியவை' எனக் கருவி சில வேளைகளில் பதிந்துவிடும். அதனைச் 'சிறியவை' என மாற்றி, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சப்வூபருக்கு ஒப்படைப்பது பொதுவாக உகந்தது. உள்ளங்கையளவு ஒலிபெருக்கிகளாயின் 100 அல்லது 120 ஹேர்ட்ஸ் தேவைப்படலாம். திருத்தத்தின் பின்னர் பேஸ் குறைந்துவிட்டதாகவே முதலில் தோன்றும். கழிந்தது 'கும்' மாத்திரமே. ஒரு வாரம் கேட்ட பின்னரே தீர்ப்புக் கூறவேண்டும்.

இனி அயலவர் விடயம். 2007 நவம்பரில் வெலிகம பள்ளிவாசல் ஒன்று சம்பந்தப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் விதித்த கட்டளையின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டதை வாசகர்கள் அறிவர். 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் டெசிபலில் எல்லைகளை வகுத்துள்ளன. ஆனால் அவ்வளவீடு 'ஏ' நிறையிடல் எனும் முறையைப் பின்பற்றுவது. மனிதச் செவியின் இயல்பைக் கருதி அமைந்த அம்முறை 63 ஹேர்ட்ஸ் ஒலியில் 26 டெசிபலையும், 31.5 ஹேர்ட்ஸில் 39 டெசிபலையும் கழித்துவிடுகின்றது. அடுத்த வீட்டுக் கட்டிலை அதிரவைக்கும் ஒலிகூடக் கருவியில் சாதுவாகத் தோன்றலாம். பேச்சொலியைத் தடுக்கும் சுவரை இத்தாழ் ஒலி எளிதில் கடக்கும். சட்டம் இதனைக் கண்டுகொள்ளாதென்பது நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் அடுத்த வீட்டில் இருக்கையில் நியாயமாகாது.

இங்கும் முறையான அளவீடு உதவுகின்றது. சுவரைக் கடந்து தொல்லை தருவதில் பெரும்பங்கு அந்த ஒற்றைப் பரிவுச் சுருதிக்கே உரியது. அதனைச் சீவிவிட்டால் வீட்டினுள் தெளிவு கூடுவதோடு அயலில் அதிர்வும் குறையும். சப்வூபரைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கி வைக்கலாம். சத்தம் குறைந்த நிலையில் நமது செவி பேஸை மேலும் குறைவாகவே கேட்கும்; அதனாற்றான் பலர் இரவில் சப்வூபரின் திருகை மாத்திரம் கூட்டிவிடுகின்றனர். அதற்கு அவசியமில்லை. ரிசீவரிலுள்ள 'இரவு முறை'யை இயக்கினால் வெடிச்சத்தம் தணிந்து உரையாடல் உயரும். ரிமோட்டில் அதற்கெனத் தனிப் பொத்தான் இல்லாத மாதிரிகளில், ஒலியமைப்புப் பட்டியலுக்குள் அது இருக்கும்.