வயதான செல்லப்பிராணிக்கு விடைகொடுக்கும் முடிவு

நாய்க்கும் பூனைக்கும் வலியைச் சொல்ல வாயில்லை என்பது தெரிந்ததுதான். அவை வலியை மறைக்கவும் செய்கின்றன என்பதுதான் பெரிய சிக்கல். அதிலும் பூனை ரொம்பவே கெட்டி. “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு டாக்டர்” என்று சொல்லும் குடும்பங்கள் பொய் சொல்வதில்லை. தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல நிகழும் சரிவு தெரிவதில்லை. ஆகவே, விடைகொடுப்பது பற்றிய பேச்சைப் பிராணி ஓரளவு தெம்பாக இருக்கும்போதே வீட்டில் தொடங்கிவிட வேண்டும். நள்ளிரவில் மூச்சுத்திணறும் நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, திறந்திருக்கும் கிளினிக்கைத் தேடி அலையும் நேரத்தில் நிதானமாக யோசிக்க யாராலும் முடியாது.

வயது ஒரு நோயல்ல

கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களுக்கு ஆறேழு வயதிலேயே முதுமை வந்துவிடும். லாப்ரடார் பொதுவாக 10 முதல் 12 ஆண்டுகள் வாழும். சிறிய இன நாய்கள் அதையும் தாண்டும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 வயதைக் கடப்பது அபூர்வமல்ல.

“வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று நாம் ஒதுக்கிவிடும் பலவற்றுக்கு மருத்துவம் உண்டு. மாடிப்படி ஏறத் தயங்கும் நாய்க்கும், அலமாரி மேல் தாவுவதை நிறுத்திவிட்ட பூனைக்கும் மூட்டுவாதம் இருக்கலாம். இரவில் மூச்சிரைக்க அங்குமிங்கும் நடக்கும் நாய்க்கு வலியாக இருக்கலாம். மனிதர்களின் மறதி நோயைப் போன்ற மூளைத் தேய்வாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட நாய் மூலையில் போய் நின்றுகொண்டு திரும்பத் தெரியாமல் விழிக்கும். பூனை வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்து உடல் இளைத்தால், சிறுநீரகத்தையும் தைராய்டையும் சர்க்கரையையும் சோதிக்க வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய் திடீரெனச் சோர்ந்து, வாந்தி எடுத்து, அதிகம் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். பல நேரங்களில் அறுவை சிகிச்சையில் அது பிழைத்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் பார்க்காமல் விடைகொடுக்கும் முடிவுக்குப் போகக் கூடாது.

வீட்டிலும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. நம் வீடுகளின் வழுவழு டைல்ஸ் தரை மூட்டுவலி நாய்க்குப் பெரும் சோதனை. அது நடக்கும் வழியெல்லாம் ரப்பர் பாயோ பழைய ஜமுக்காளமோ நழுவாதபடி விரித்தால், எழவே மறுத்த நாய் எழுந்து நடப்பதைப் பார்க்கலாம். பூனையின் மணல் தட்டு விளிம்பு தாழ்ந்ததாக இருக்கட்டும்.

வலிக்காக நம் மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். விலங்குகளுக்குரிய வலிநிவாரணிகளும் அவற்றுக்கான அளவும் தனி.

‘சாப்பிடுதே’ என்பது மட்டும் போதாது

நம் வீடுகளில் நலத்துக்கு ஒரே அளவுகோல் சாப்பாடுதான். தயிர்சாதம் இறங்கும்வரை நல்லாயிருக்கு என்று நினைக்கிறோம். ஆனால் லாப்ரடார் போன்ற நாய்கள் கடுமையான நோயிலும் கடைசி நாள்வரை சாப்பிடக்கூடும். பசி இருப்பதால் வலி இல்லை என்று ஆகாது.

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வெளியிட்ட அளவுகோல் இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. வலி (மூச்சுத்திணறலும் இதில் அடக்கம்), பசி, உடலின் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 35-ஐத் தாண்டினால் வீட்டுப் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அதன் கணக்கு. வாரம் ஒருமுறை வீட்டிலுள்ளவர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். அதிகம் பாசம் வைத்தவரின் மதிப்பெண்தான் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். அதில் தவறில்லை, அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

எண்ணை மட்டும் நம்பிவிடவும் கூடாது. என் பார்வையில் மூச்சுத்திணறல் மற்ற ஆறையும் விழுங்கிவிடும். தூங்கும் நாயின் மூச்சு நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருப்பதே இயல்பு. தொடர்ந்து அதைத் தாண்டினால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

பூனையின் வலியை முகத்தில் படிக்க மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் ஒரு முறை வகுத்தார்கள். காதுகள் விலகிப் பக்கவாட்டில் திரும்பியிருப்பது, கண் இடுங்குவது, மூக்கும் வாயும் சேரும் பகுதி இறுகுவது, மீசை விறைப்பது, தலை தோளுக்குக் கீழே தொங்குவது ஆகிய ஐந்தையும் பார்க்கச் சொல்கிறார்கள். உடலை நக்கிச் சுத்தம் செய்வதைப் பூனை விட்டுவிட்டு, முதுகு ரோமம் சிக்குப்பிடித்துக் கிடந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று செய்யலாம். அதற்கு ரொம்பப் பிடித்த மூன்று விஷயங்களை இன்றே எழுதி வையுங்கள். கேட்டருகே போய்ப் பால்காரரை வரவேற்பது, மாலை மொட்டைமாடி, சின்னவனின் காலடியில் படுப்பது என்று எதுவானாலும் சரி. அவற்றில் இரண்டு நின்றுபோன நாளில் மருத்துவரோடு வெளிப்படையாகப் பேசுங்கள்.

‘தானா போகட்டும்’

கருணைக்கொலை பாவம் என்று மனதார நம்புகிறவர்கள் நம்மிடையே நிறைய. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் தானாகப் போவது என்றால் தூக்கத்திலேயே அமைதியாகப் போவது என்று எண்ணிக்கொள்வது சரியல்ல. அப்படிப் போகும் பிராணிகள் குறைவு. சிறுநீரகம் செயலிழந்த பூனை ஓயாத குமட்டலோடும் வாய்ப்புண்ணோடும் நாட்கணக்கில் கிடக்கும். இதயம் தளர்ந்த நாயின் நுரையீரலில் நீர் கோத்து, படுக்கவும் முடியாமல் உட்கார்ந்தபடியே காற்றுக்குப் போராடும்.

ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தால், வலிநிவாரணி, குமட்டலுக்கான மருந்து, தோலடியில் ஏற்றும் திரவம், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவது ஆகிய அனைத்தையும் கடைசி மூச்சுவரை குறையின்றிச் செய்ய வேண்டும். ஊசியையும் மறுத்து, சிகிச்சையையும் நிறுத்திவிட்டு, மொட்டைமாடியில் கட்டிப்போட்டு வைப்பது மட்டும் எந்த நம்பிக்கையிலும் நியாயமாகாது.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச வேண்டாம். எழ முடியாத 30 கிலோ நாயைத் தினமும் தூக்கித் துடைக்க வீட்டில் யாருக்குத் தெம்பிருக்கிறது என்பதும் மருத்துவருக்குத் தெரிய வேண்டிய செய்திதான்.

அந்த நாளில்

முன்கூட்டியே நேரம் வாங்கி, கூட்டம் குறைந்த வேளையில் போங்கள். வீட்டுக்கு வரும் மருத்துவர் இருந்தால் இன்னும் நல்லது. முதலில் மயக்க ஊசி போட்டு, பிராணி உணர்விழந்ததை உறுதிசெய்தபின் பென்டோபார்பிட்டால் போன்ற மருந்தை மிகை அளவில் நரம்பில் செலுத்துவார்கள். மூளை அடங்கி, மூச்சு நின்று, பிறகு இதயம் நிற்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண்கள் திறந்தே இருக்கலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம், ஓரிரு பெருமூச்சும் வரலாம். இவை உணர்வற்ற உடலின் அசைவுகள்; வலி அல்ல.

“முதலில் முழு மயக்கம் கொடுப்பீர்களா?” என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மெக்னீசியம் சல்ஃபேட் போன்றவற்றை உணர்வுள்ள பிராணிக்கு நேரடியாகச் செலுத்தினால் தசைகள் செயலிழக்கும், நினைவோ தப்பாது. அது பெருங்கொடுமை. இதயத்தில் ஸ்ட்ரிக்னைன் ஊசி போட்டோ தேவையற்ற கொடூரமான வேறு முறையிலோ கொல்வதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. பதிவுபெற்ற கால்நடை மருத்துவரைத் தவிர வேறு யாரிடமும் இதை ஒப்படைக்காதீர்கள்.

முடிந்தால் மயக்கம் வரும்வரையாவது கூடவே இருங்கள். பழகிய கையும் குரலும் அருகில் இருந்தால் பிராணி மிரளாது. இருக்க முடியாதவர்களை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

பிறகு

பென்டோபார்பிட்டால் உடலிலேயே தங்கிவிடும். தோண்டித் தின்னும் தெருநாய்களுக்கும் கழுகுகளுக்கும் அது நஞ்சு. அதனால் கிணற்றிலிருந்து தள்ளி, ஆழமாகப் புதைக்க வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பிராணிகளுக்கான தகன வசதி அருகில் உண்டா என்று முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

வீட்டில் இன்னொரு நாயோ பூனையோ இருந்தால், அது சில நாட்கள் சாப்பிடாமல் தேடித் திரியலாம். நடையும் சாப்பாடும் வழக்கமான நேரத்திலேயே நடக்கட்டும். பூனை முழுதாக ஒரு நாளுக்குமேல் பட்டினி கிடந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், ஈரல் பாதிக்கப்படலாம்.

குழந்தைகளிடம் “தூங்கிடுச்சு”, “ஊருக்குப் போயிருக்கு” என்று சொல்லாதீர்கள். தூங்கவே பயப்படும் குழந்தையும் உண்டு, வாசலில் காத்திருக்கும் குழந்தையும் உண்டு. “ரொம்ப வலிச்சுது, சரிபண்ண முடியல, டாக்டர் வலியில்லாமப் போக உதவினாங்க, இனிமே வராது” என்று நேராகச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நீங்களும் அழுகிறீர்கள் என்றால் அதை அவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை.