ஊர் பார்க்க வந்தவர் காசு யார் கைக்குப் போகிறது?



நான் பிள்ளையார்பாளையம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். கட்டுரை என்று ஒன்று எழுதுவதும் எங்கள் வம்சத்தில் இதுவே முதல். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் ஏழாவது படித்தபோது, பக்கத்தில் இருக்கும் கைலாசநாதர் கோயிலுக்கு வந்த நாலைந்து வெள்ளைக்காரர்களை ஒரு கைடு எங்கள் வீட்டுக்குள் அழைத்து வந்தார். அப்பா குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். கரைக்கு நாடா போட நான் பக்கத்தில். போட்டோ எடுத்தார்கள். அம்மா மோர் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் வேன் ஒரு பட்டுக் கடைக்குப் புறப்பட்டது. அங்கே சேலை விற்றால் கைடுக்கும் டிரைவருக்கும் கமிஷன். அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு பேனா. "வேடிக்கை நம்ம வீட்ல, கல்லா வேற எடத்துல" என்று சிரித்தார். அந்தக் கணக்கைத்தான் தேடிப் பார்த்தேன்.

பயணம் நமக்குப் புதிதல்ல. அந்தக் காலத்தில் காஞ்சிக்கு வண்டி கட்டி வந்தவர்கள் சத்திரத்தில் தங்கினார்கள். சோறு போடுவது தர்மம், விலை கிடையாது. அந்தப் பயணத்தையே ஒரு சரக்காக்கி விற்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டு. 1841 ஜூலை 5ஆம் தேதி, இங்கிலாந்தில் தாமஸ் குக் என்ற மரவேலைக்காரர் மதுவிலக்குக் கூட்டத்துக்காக சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குத் தனி ரயிலில் கூட்டிப் போனார். தலைக்கு ஒரு ஷில்லிங்.

இதில் என்ன சூட்சுமம்? ஐம்பது பேர் ஏறினாலும் ஐந்நூறு பேர் ஏறினாலும் ரயிலுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். மொத்தமாக ஆள் சேர்த்துத் தருகிறவனுக்கு ரயில்காரன் விலையைக் குறைத்தே ஆகவேண்டும். ஓட்டல்காரனும் அப்படித்தான். கூட்டம் யார் கையில் இருக்கிறதோ அவன் பேச்சுதான் எடுபடும். எங்கள் வீட்டுக்கு வந்த கைடு செய்ததும் இதே வேலைதான், சின்ன அளவில்!

காஞ்சிக்கு அரக்கோணத்திலிருந்து 1865லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் ரயில் மட்டும் போதாதே, ஊர் சுற்ற லீவும் வேண்டும். பிரான்சில் 1936இல்தான் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை என்று சட்டம் வந்தது. அதன் பிறகுதான் சாதாரண ஜனமும் கடற்கரைக்குக் கிளம்பியது. எங்கள் அப்பாவுக்குச் சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தறி நின்றால் கூலியும் நிற்கும். அவர் இதுவரை மகாபலிபுரம்கூடப் பார்த்ததில்லை.

'வீட்டிலேயே சேலையை விற்றால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தவை. தறியில் இருக்கும் சேலை அவருடையது, நெய்யும் கை மட்டும்தான் எங்களுடையது. அது போக, சென்னையிலிருந்து காலையில் வருகிற வேன் மதியம் மகாபலிபுரம் போய்விடும். ராத்தங்கல் காசும் அங்கேதான்.

ஆனால் 2019இல் அத்தி வரதர் எழுந்தருளியபோது கதை வேறு. 40 வருடத்துக்கு ஒருமுறை என்பதால் ஜனம் அலைமோதியது. கைடு கிடையாது, பேக்கேஜ் கிடையாது. சின்ன காஞ்சிபுரத்தில் என் சித்தி வாசலிலேயே இட்லி போட்டு, அந்தக் காசில் தோடு மீட்டாள்.

அடுத்த வருடமே கொரோனா. 2019இல் உலகம் முழுக்க நாடு விட்டு நாடு போனவர்கள் சுமார் 146 கோடி. 2020இல் அதில் முக்கால்வாசி ஆள் குறைந்துபோனார்கள். இங்கே கல்யாணமும் இல்லை, வேனும் இல்லை, முதலாளி பாவு கொடுக்கவில்லை. லாபத்தில் எங்களுக்குப் பங்கு இருந்ததில்லை, நஷ்டத்தில் மட்டும் வந்து சேர்ந்தது.

இப்போது மறுபடி வேன்கள் வருகின்றன. போன மாதம் ஒரு கைடு வாசலில் நின்று, "தறி பாக்கலாமாம்மா?" என்றார். "தலைக்கு அம்பது ரூபா" என்றாள் அம்மா. அவர் சிரித்துக்கொண்டே எல்லோரையும் எதிர்வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்.